ஊர்ப் பேச்சில் வந்த கட்டளை

வெட்டவெளியில் ஓடுகிறோம். காலை ஏழே கால். 1965 செப்டம்பர், பஞ்சாப் எல்லை. முதல் குண்டு பின்னால் விழுகிறது. விசில் சத்தம். ஒரு நொடி ஒன்றுமில்லை. பிறகு வெடி. இரண்டாவது முன்னால் விழுகிறது. மண் வாய்க்குள் போகிறது.

"குழில வுழுங்கடா! ஜல்தி வுழுங்க!"

கத்துவது ஹவில்தார் கோவிந்தன். விழுப்புரம் பக்கம் கெடார்க்காரர். இரண்டாம் உலகப் போரில் பர்மாவில் சண்டை போட்டவர். எங்கள் பிரிவில் அவரைவிட அடிபட்டுத் தேறியவர் யாருமில்லை.

கட்டளை எல்லாம் இந்தியில்தான் வரும். பிரிவில் தெலுங்கர்கள், மலையாளிகள், கன்னடக்காரர்கள் இருந்தார்கள். எங்கள் பக்கத்து ஆட்கள் நான்கே பேர். கண்டமங்கலம் ஏழுமலை. திண்டிவனம் அந்தோணி. கூட்டேரிப்பட்டு முருகேசன். விழுப்புரத்தில் இருந்து நான். லீவில் வந்த ஹவில்தார்தான் எங்களை ஆளெடுப்புக்குக் கூட்டிப்போனார். உசுரோட கூட்டியாந்துடுறேன் என்று நான்கு வீட்டிலும் வாக்குக் கொடுத்தார். அதனால் மற்றவர்களுக்குச் சொல்லாத பர்மா வித்தைகளை எங்களுக்கு மட்டும் ஊர்ப் பேச்சில் சொல்லித் தந்தார். அதில் முதலானது இது. குண்டு விழுந்த குழியில் மறு குண்டு விழாது. புதுக் குழியாகப் பார்த்துக் குதி. பர்மாவில் அவர் அப்படித்தான் பிழைத்தார். பெருமையில் எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. மற்றவர்களைப் பார்த்து உள்ளுக்குள் சிரித்துக்கொண்டோம்.

ஏழுமலை குதிக்கிறான். அந்தோணி குதிக்கிறான். முருகேசனும். மூவரும் ஒரே குழியில். குழி இன்னும் புகைகிறது.

நான் குதிக்கவில்லை. வீரமும் இல்லை, புத்தியும் இல்லை. கோபம். முந்தைய நாள், காவல் நேரத்தில் மல்லாட்டைக் கடலை உரித்துத் தின்றதற்காக, அத்தனை பேர் முன்னால் ஹவில்தார் என்னை பெல்ட்டால் அடித்திருந்தார். நீ சொல்லி நான் கேட்பதா என்று இருந்த இடத்திலேயே குப்புற விழுந்தேன். தமிழ் புரியாத மற்றவர்களும் அங்கங்கே அப்படியே படுத்திருந்தார்கள்.

விசில். மூன்றாவது குண்டு அதே குழியில் விழுந்தது.

இது பர்மா இல்லை. எங்கோ மரத்தின் மேல் எதிரி ஒருவன் தூரக்கண்ணாடியோடு உட்கார்ந்து, யார் எங்கே பதுங்குகிறார்கள் என்று பீரங்கிக்காரனுக்குச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறான். அது எங்களுக்குப் பிற்பாடுதான் தெரிந்தது.

ஆஸ்பத்திரியில் என் கட்டிலுக்கு ஹவில்தார் வந்தார்.

"நான் கத்துனது ஒனக்குக் கேக்கலயாடா?"

"கேட்டுச்சி சார். அவங்களுக்கும் நல்லாக் கேட்டுச்சி."

அவர் தொப்பியைக் கழற்றிவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பெல்ட் அடிக்குப் பழி தீர்ந்தது என்று நினைத்தேன். இதை மறைத்துச் சாட்சி சொல்ல எனக்கு விருப்பமில்லை.

லீவில் இருவரும் விழுப்புரம் ஜங்ஷனில் இறங்கினோம். செத்துப்போன மூவர் வீட்டுக்கும் போனோம், ஒவ்வொரு வீட்டிலும் அவர் வாசலிலேயே நின்றார். "நாந்தான் குதிக்கச் சொன்னேன்" என்றார். திண்டிவனத்தில் கதவைச் சாத்தினார்கள். கூட்டேரிப்பட்டில் முருகேசனின் அப்பா அவர் முகத்தில் துப்பினார். அவர் துடைக்கவில்லை. கண்டமங்கலத்தில் ஏழுமலையின் அம்மா அவரைத் திரும்பியும் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

"நீ மட்டும் எப்படிப்பா பொழச்ச?"

கோபத்தில்தான் குதிக்கவில்லை என்று அவளிடம் நான் இன்றுவரை சொல்லவில்லை.

ஹவில்தார் அதன் பிறகு பட்டாளத்தை விட்டுக் கெடாரில் பயிர் வைத்தார். ஏர் மாட்டைக்கூட அவர் அதட்டியதில்லை என்று ஊரில் சொல்வார்கள்.

அந்த வெடியில் என் இடது காது செவிடாகிப் போனது. மூன்று வீடுகளுக்கு மூன்று தகரப் பெட்டிகள் வந்தன, உள்ளே துணிமணி மட்டும். ஏழுமலை. அந்தோணி. முருகேசன். சொன்னதைக் கேட்டவர்கள் மூன்று பேர். கேட்காதவன் நான் ஒருவன்.