போலந்துக்காரியின் கண்

எனக்கு எழுபத்தெட்டு வயது. ஆறு பிள்ளைகளை வளர்த்தவள். குரோருட் போகும் ரயிலில் எனக்கு முன்னால் துப்புரவு வேலை உடுப்போடு இரண்டு தமிழ்ப் பெடியங்கள்.

“போலந்துக்காரி ‘ஓக்கோ, ஓக்கோ’ எண்டு கத்தினவள். நான் மரம் மாதிரி நிண்டனான்.”

“அவளின்ரை கண்ணுக்கை நிலம் கழுவிற மருந்து தெறிச்சது தெரியேல்லையோ?”

“விளங்கேல்லையடா. பொஸ்னியாக்காரிதான் ஓடிவந்து குழாய்த் தண்ணிக்குள்ளை அவளின்ரை முகத்தைப் பிடிச்சவள். அவையின்ரை பாஷையிலையும் கண் ஓக்கோதானாம். ரஷ்யாக்காரர்தான் வேறை சொல்லுவினமாம்.”

“மருந்துப் போத்திலைத் திறந்து வைச்சது ஆர்?”

“நான்தான். ஒருத்தருக்கும் சொல்லேல்லை.”

அவனுடைய கைபேசி அடித்தது. ஆஸ்பத்திரியிலிருந்து பொஸ்னியாக்காரி. எழும்பி நின்று, “ஓக்கோ?” என்று மட்டும் கேட்டான். பிறகு தொப்பென்று இருந்தான்.

“பார்வை இருக்காம். நாளைக்குப் போய்ச் சொல்லப்போறன், நான்தான் எண்டு.”

பேத்தி, நான் சொல்லச் சொல்ல நீ எழுதினதை ஒருக்கால் வாசி பிள்ளை. அவன் சொன்னது அப்படியே இருக்கோ?