எல்லாக் கதவும் சாத்தியிருக்கு

அவன்: தட்டட்டும். நல்லா தட்டட்டும். நீ எதையும் தொடாத.

அவள்: யாருங்க தட்டுறது? வாசல்ல சத்தமே கேட்கலையே.

அவன்: வாசல்ல இல்ல. கம்ப்யூட்டரைத் தட்டுறாங்க.

அவள்: கம்ப்யூட்டரையா!

அவன்: ஃபயர்வால் சோதனை. இந்த வெப்சைட் இருக்கே, இது வெளியில நின்னுக்கிட்டு நம்ம கம்ப்யூட்டரோட ஒவ்வொரு கதவா தட்டிப் பார்க்கும். எது சாத்தியிருக்கு, எது திறந்திருக்குன்னு சொல்லும்.

அவள்: கிடைக்கிறது ஒரே ஒரு லீவு நாள். அதுல மனுஷங்க சாப்பிட்டுட்டு தூங்குவாங்க. நீங்க திருடனைக் கூப்பிட்டு வீட்டைச் சுத்திக் காட்டுறீங்க.

அவன்: இவன் திருடன் இல்ல. திருடன் எந்த வழியா வருவான்னு சொல்றவன். எங்க கடையில பில் போடுற மெஷினைப் பார்க்க ஒருத்தர் வருவாரே, ஒல்லியா... அவர்தான் சொல்லிக்கொடுத்தார்.

அவள்: மூக்குக்கண்ணாடி விக்கிறவருக்கு இது எதுக்கு?

அவன்: ஊரார் கண்ணை எல்லாம் சோதிக்கிறேன். என் வீட்டுல என்ன நடக்குதுன்னு பார்க்க வேண்டாமா?

அவள்: என்ன நடக்குதாம்?

அவன்: பாரு, பாரு, பச்சை. சாத்தியிருக்கு. அடுத்ததும் பச்சை...

அவள்: எந்திரிங்க கொஞ்சம். லேப்ல இருந்து ஒரு மெயில் வந்திருக்கும், பார்க்கணும்.

அவன்: லீவு நாள்ல என்ன மெயில்?

அவள்: யாரோட ரத்தமாவது மாறிப்போயிருக்கும். எந்திரிங்களேன்.

அவன்: ஃபோன்ல பாரு.

அவள்: ஃபோன்ல எழுத்து சின்னதா தெரியுது.

அவன்: நாளைக்குக் கடைக்கு வா, கண்ணாடி மாத்தித் தர்றேன். இப்போ இந்த நாற்காலியை விட்டு நான் எந்திரிக்கிறதா இல்ல.

அவள்: உடும்புப் பிடிதான் போங்க.

அவன்: நீ ஏன் இப்படி நிக்கவும் முடியாம உட்காரவும் முடியாம தவிக்கிற? ஊசி குத்த நரம்பு கிடைக்கலைன்னாகூட உனக்கு இவ்வளவு வேர்க்காதே.

அவள்: ஃபேன் இங்க வரைக்கும் வரல.

அவன்: ஏய்... சிவப்பு!

அவள்: என்ன?

அவன்: சிவப்பு! ஒரு கதவு திறந்திருக்கு! சொன்னேன்ல? யாரோ வந்து போயிட்டு இருக்கான்!

அவள்: ஐயோ, கத்தாதீங்க. அத்தை கண்ணசந்திருக்காங்க.

அவன்: இந்த நம்பர் எதோடதுன்னு பார்க்கிறேன் இரு... ம்... பிரிண்டர்...

அவள்: பிரிண்டரா?

அவன்: கடையில இருந்தே வீட்டுப் பிரிண்டர்ல பிரிண்ட் போடலாம்னு நான்தான்... போன மழைக்கு...

அவள்: திறந்து வெச்சீங்களா?

அவன்: சோதனைக்காக.

அவள்: ஒரு காகிதமாவது வந்துச்சா அதுல?

அவன்: வரல.

அவள்: காகிதம் வராத வழியில திருடன் மட்டும் வரப்போறான்!

அவன்: சிரிக்காத. இதோ சாத்திட்டேன். மறுபடி தட்டச் சொல்றேன்... இப்போ தெரிஞ்சிடும்.

அவள்: என்னதான் தெரியணும் உங்களுக்கு? ஒரு வாரமா பார்க்கிறேன். சாப்பிடும்போது பேச்சில்ல. ராத்திரி புரண்டுட்டே இருக்கீங்க. திடீர்னு வந்து என் முகத்தைப் பார்க்கிறீங்க, போயிடுறீங்க.

அவன்: நீ மட்டும்? ஃபோன் வந்தா மாடிக்கு ஓடுற.

அவள்: மாடியில காத்து வரும்.

அவன்: காத்து... ம்... பச்சை, பச்சை, பச்சை. முடிஞ்சுது.

அவள்: என்ன சொல்லுது?

அவன்: எல்லாக் கதவும் சாத்தியிருக்காம். வெளியில இருந்து பார்த்தா இப்படி ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறதே தெரியாதாம்.

அவள்: அப்பாடா. நல்லதுதானே? அணைச்சுட்டு வாங்க.

அவன்: நல்லதில்ல.

அவள்: ஏன்?

அவன்: எவனாவது வெளியில இருந்து வந்திருந்தா நல்லா இருந்திருக்கும்.

அவள்: என்ன பேச்சு இது...

அவன்: இப்படி வா. இந்த இன்னொரு பக்கத்தோட ஓரத்துல பாரு. நான் கண்ணாடி ஃப்ரேம் பார்க்கத்தான் இந்தப் பக்கத்தைத் திறந்தேன். ஃப்ரேமுக்குப் பக்கத்துல என்ன விளம்பரம்? படி.

அவள்: எனக்குத்தான் எழுத்து சின்னதா...

அவன்: நான் படிக்கிறேன். "தனியாக வசிப்பவருக்கு அமைதியான அறை. உடனே குடிபோகலாம்."

அவள்: ஏதோ விளம்பரம். எல்லாருக்கும் வரும்.

அவன்: எல்லாருக்கும் வராது. கேட்டுட்டேன். நாம எதைத் தேடுறோமோ அதான் நம்ம பின்னாடியே வருமாம். செய்தி பார்த்தா இது வருது. பாட்டு கேட்டா இது வருது. ஒரு வாரமா நாய்க்குட்டி மாதிரி காலைச் சுத்திட்டே இருக்கு. ஆனா தேடினதுக்கு மட்டும் தடயமே இல்ல. யாரோ துடைச்சு வெச்சிருக்காங்க.

அவள்: அதை எதுக்கு என்கிட்ட சொல்றீங்க?

அவன்: நான் தேடல. எவனோ நம்ம கம்ப்யூட்டருக்குள்ள புகுந்து தேடியிருக்கான்னு நெனச்சேன். அப்படி நெனச்சுட்டுதான் இன்னிக்குக் காலையில இருந்து... சரி. வெளியாள் இல்ல. வீட்டுல இருக்கிறது மூணு பேர். அம்மாவுக்கு இந்தப் பெட்டியில பழைய பாட்டு கேட்கத்தான் தெரியும்.

அவள்: நீங்களே தேடிட்டு, இப்போ என் தலையில...

அவன்: நானா?

அவள்: நெருப்பில்லாம புகையாதுங்க. ஒரு வாரமா மூஞ்சியைத் தூக்கி வெச்சுட்டு இருக்கிறது யாரு?

அவன்: ஏய், நான் தேடியிருந்தா நானே எதுக்கு சோதனை பண்றேன்?

அவள்: எங்கப்பன் குதிருக்குள்ள இல்லைன்னு சொல்றதுக்கு.

அவன்: என் கண்ணைப் பார்த்துச் சொல்லு. என்னை விட்டுட்டுப் போகப்போறியா?

அவள்: ஐயோ, பைத்தியமா உங்களுக்கு?

அவன்: போறதா இருந்தா சொல்லிட்டுப் போ. நான் தடுக்க மாட்டேன். தடுப்பேன்... ஆனா சொல்லிட்டுப் போ.

அவள்: போறதா இருந்தா தரைத்தளத்துல எதுக்கு ரூம் பார்க்கிறேன்? தினம் லேப்ல மாடி ஏறி மாடி இறங்கிட்டு இருக்கிறவ...

அவன்: என்ன சொன்ன?

அவள்: மாடி ஏறுறவன்னு...

அவன்: தரைத்தளம்னு சொன்ன.

அவள்: நீங்கதானே படிச்சீங்க.

அவன்: நான் ரெண்டு வரிதான் படிச்சேன். தரைத்தளம்னு நான் படிக்கல. அது இதுக்குள்ள போனாத்தான் வரும். இரு... "தரைத்தளம். குளியலறையில் கைப்பிடி உண்டு. மருத்துவமனைக்கு அருகில்." கைப்பிடி எதுக்கு?... உன் ஃபோன் அடிக்குது.

அவள்: எங்கம்மா. அப்புறம் பேசிக்கிறேன்.

அவன்: எடுத்துப் பேசு.

அவள்: அண்ணன் வீட்டுல சாமான் எல்லாம் கட்டிட்டு இருக்காங்க. அந்த இரைச்சல்ல ஒண்ணும் கேட்காது. அப்புறம்...

அவன்: மறுபடி அடிக்குது பாரு.

அவள்: விடுங்கன்னு சொல்றேன்ல!

அம்மா: என்ன ரெண்டு பேரும்? எழவு வீடு மாதிரி ஒரு சத்தம், அப்புறம் சுடுகாடு மாதிரி ஒரு அமைதி. மனுஷி எப்படித் தூங்குறது?

அவன்: ஒண்ணுமில்லம்மா. நீ போய்ப் படு.

அம்மா: படுத்தாச்சு, எந்திரிச்சாச்சு. உங்க துணியை மடிச்சு கட்டில் மேல வெச்சிருக்கேன். என் துணியைத் தனியா எடுத்துட்டேன்.

அவள்: நான் மடிக்க மாட்டேனா அத்தை? மூட்டு வலியோட நீங்க எதுக்கு...

அம்மா: இருக்கிற வரைக்கும் செய்யலாம்.

அவன்: இருக்கிற வரைக்குமா? என்னம்மா பேசுற? அது என்ன, கதவோரம் பை?

அம்மா: அதைச் சொல்லத்தான் வந்தேன். அந்த ரூமுக்கு நீங்க ரெண்டு பேரும் சண்டை போட வேண்டாம். அதைத் தேடினது நான்தான்.

அவன்: நீயா!

அவள்: அத்தை...

அம்மா: வீட்டுக்கார அம்மாகிட்ட பேசிட்டேன். நல்ல மாதிரி பேசினாங்க. நாளைக்கு வந்து பார்க்கச் சொல்லியிருக்காங்க. பிடிச்சா அப்படியே இருந்துக்கலாம்னு நாலு துணி எடுத்து வெச்சேன்.

அவன்: உனக்கு என்ன குறைச்சல் இங்க? யாரு என்ன சொன்னாங்க?

அம்மா: யாரும் ஒண்ணும் சொல்லல. அதான்ப்பா. சொல்ல வாய் வராம நீங்க கஷ்டப்படுறீங்க. அந்தக் கஷ்டம் வேண்டாமேன்னு நானே முந்திக்கிட்டேன்.

அவன்: நாங்க என்ன கஷ்டப்பட்டோம்? இரு... உனக்கு டைப் அடிக்கத் தெரியாதே. நீ எப்படித் தேடின?

அம்மா: பாட்டு கேட்டுட்டு இருந்தேன். ஓரத்துல இந்த விளம்பரம் வந்துச்சு. தெரியாம விரல் பட்டுடுச்சு, உள்ள போயிடுச்சு. என்ன வேணும்னு கேட்டுச்சு. தேவையில்லைன்னு எழுதலாம்னு 'த'னாவைத் தேடித் தேடி ஒரு தட்டு தட்டினேன். மிச்சத்தை அதுவே எழுதிடுச்சு. தரைத்தளம், கைப்பிடி, ஆஸ்பத்திரி பக்கம், வயசான அம்மா, தனியாக... எல்லாம் வரிசையா.

அவன்: அதுவே எப்படி எழுதும்?

அம்மா: எனக்கென்ன தெரியும். யாரோ முன்னாடி எழுதியிருந்தா எழுதுமோ என்னமோ.

அவன்: ஆமா... தேடின பக்கத்தை எல்லாம் அழிச்சாலும், கட்டத்துல எழுதின வார்த்தை தனியா தங்கும். அதைத் தனியா அழிக்கணும். நீ அதை அழிக்க மறந்துட்ட. இல்ல?

அம்மா: நீ சும்மா இரு. அவளைக் கேட்காத.

அவன்: நீ பேசாதம்மா. வயசான அம்மான்னு எழுதியிருக்கு. இந்த வீட்டுல வயசான அம்மா யாரு?

அம்மா: டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல முப்பது வருஷம் லைன் போட்டவ நான். எத்தனை வீட்டு ரகசியம் இந்தக் காது வழியா போயிருக்கு. யாரு யாருகிட்ட என்ன பேசினாங்கன்னு ஒரு நாளாவது வாய் திறந்திருக்கேனா? இப்பவும் சொல்ல மாட்டேன்.

அவன்: அப்போ உனக்குத் தெரியும். அவ பேசினதைக் கேட்டிருக்க.

அம்மா: துணி எடுக்க மாடிக்கு வந்தேன். காதுல விழுந்துச்சு. "கொஞ்ச நாள் பொறுத்துக்கோங்க, இடம் பார்த்துட்டேதான் இருக்கேன், அவருக்கு இன்னும் தெரியாது..." அவ்வளவுதான். எக்ஸ்சேஞ்சுல ரெண்டு பக்கமும் கேட்கும். இங்க ஒரு பக்கம்தான் கேட்டுச்சு. எனக்கு அது போதும்.

அவன்: கேட்டியா? இப்போ நீயே உன் வாயால சொல்லு. எங்கம்மாவை அனுப்ப இடம் பார்த்தியா? அவங்க உனக்கு என்ன பாவம் பண்ணினாங்க? இதுக்கா நான் ஒரு வாரமா... உங்க லேப் வாசல்ல, எதிர்ப்பக்கம், திருடன் மாதிரி ஒளிஞ்சு நின்னேன். நீ யாரோட வெளிய வர்றேன்னு பார்க்க.

அவள்: என் பின்னாடி வந்தீங்களா?

அவன்: வந்தேன். தப்புதான். நீ தனியாத்தான் வந்த. பஸ்ஸுல ஏறாம தெருத்தெருவா நடந்த. ஒவ்வொரு வீட்டு வாசல்லயும் நின்னு நின்னு பார்த்த. இப்போ புரியுது.

அம்மா: விடுப்பா. அவ மேல எனக்குக் கோபம் இல்ல. யாருக்கா இருந்தாலும் ஒரு நாள் தோணும். நான் நடக்கிற தூரத்துலதானே இருக்கப்போறேன்... என்னம்மா, அழாத. கண்ணைத் துடை. உன் ஃபோன் மறுபடி அடிக்குது பாரு. எடு. அம்மாவுக்கு பதில் சொல்லு.

அவள்: என்னன்னு அத்தை சொல்லுவேன்... நாளைக்கு வண்டி வந்து சாமானை ஏத்திடும். அண்ணன் வீட்டை வித்துட்டான். புது ஊர்ல சின்ன வீடாம், அம்மாவுக்கு இடமில்லையாம். இடம் பார்த்துட்டியா, பார்த்துட்டியான்னு காலையில இருந்து அடிச்சுட்டே இருக்காங்க. அந்தக் கைப்பிடி, அந்தத் தரைத்தளம், எல்லாம் எங்கம்மாவுக்குத் தேடினது அத்தை. போன தடவை குளியலறையில விழுந்தாங்களே, அதுக்காக. பொண்ணு வீட்டுக்கு என் அம்மாவைக் கூட்டிட்டு வரட்டுமான்னு உங்ககிட்டயும் இவர்கிட்டயும் கேட்க வாய் எடுப்பேன், வராது. அதான் இங்க பக்கத்துலயே எங்கயாவது ஒரு ரூம் பார்த்து வெச்சுட்டா, வேலை முடிஞ்சு வர்ற வழியில உங்க யாருக்கும் தெரியாம ஒரு வாய் சாப்பாடு கொடுத்துட்டு வந்துடலாம்னு... அந்தப் பையை உள்ள வைங்க அத்தை. உங்க காலைப் பிடிச்சுக் கேட்கிறேன், முதல்ல அந்தப் பையை உள்ள வைங்க.