பட்டயத்தில் விடுபட்ட இடது கை

1. பேசுபவன்: கோர்டன் ஹேய்ஸ்லிப், வயது எழுபது, கேன்சஸ் மாநிலத்து மெரிடித் நகரவாசி, ஓய்வுபெற்ற வழக்குரைஞன்.
2. விட்லாக் பர்கர் நிறுவனத்தில் எனக்குப் பங்குமில்லை, அதனோடு பகையுமில்லை. 1967 கோடையில், கல்லூரி மாணவனாக, அதன் முதல் கடையின் அடுப்பில் நின்றவன் நான்.
3. கண்டதைக் கண்டதாகவும், கேட்டதைக் கேட்டதாகவும் மட்டுமே சொல்வேன்.

அவைக்குத் தலைமையேற்றிருக்கும் நகரத்தலைவி வில்மா ஓஸ்டர் அம்மையார் அவர்களே! வாக்களிக்க அமர்ந்திருக்கும் மன்ற உறுப்பினர்களே! நிறுவனத்தின் சார்பில் வந்திருக்கும் கர்ட் பாசெட் அவர்களே! அறுவடையை நடுவில் நிறுத்திவிட்டு வந்த பெரியோர்களே! தாய்மார்களே! யாரோ கையைப் பிடித்து இழுத்து வந்ததுபோல் இரண்டாம் வரிசையில் மேலங்கியை மடியில் மடித்து அமர்ந்திருக்கும் ஆர்டெல் பிக்கெட் அம்மையாரே! அனைவருக்கும் என் வணக்கம்.

விட்லாக் நிறுவனத்துக்கு வயது அறுபது. நம் நீதிமன்றச் சதுக்கத்தில் வெண்கலப் பட்டயம் பதிக்க இடம் கேட்கிறார்கள். அதன் வாசகம் என் கையில் இருக்கிறது: ‘வெங்காயம் பதித்த மெல்லிய பர்கரைத் தனியொருவராகக் கண்டறிந்தவர் ஹோமர் விட்லாக்.’

தனியொருவராக! அந்த ஒரு சொல்லை எதிர்த்தே எழுந்து நிற்கிறேன்.

1958. ரயிலடிக்கு எதிரே எட்டு முக்காலிகள், ஓர் அடுப்பு. ஹோமர் சுட்டது உள்ளங்கைப் பருமனான இறைச்சி. வேக இருபது நிமிடம். ரயில் நிற்பதோ பன்னிரண்டு நிமிடம். அன்று அங்கிருந்த ரயில்வே ஊழியர் டெல்பர்ட் கூப், சத்தியப் பிரமாணம் செய்து எழுதித் தந்ததைச் சொல்கிறேன்.

“ஏய் ஹோமர், இது வேகறதுக்குள்ள நான் ரிட்டயர் ஆயிடுவேன்யா!” என்று கத்தியிருக்கிறார் கூப்.

தட்டுக் கழுவிக்கொண்டிருந்த ஆர்டெல் ஈரக் கையோடு வந்தார். “நகருங்க முதலாளி, வழி விடுங்க.” இறைச்சியை உருண்டையாக்கி, சீவிய வெங்காயத்தை அள்ளிப் போட்டு, கரண்டியால் ஒரே அழுத்து!

“என்னம்மா, அது மேல என்ன கோவம் உனக்கு?”

“கோவம் அது மேல இல்ல கூப். காலைலேருந்து கத்தற உங்க மேலதான்!”

மூன்று நிமிடத்தில் தட்டில் வந்தது. ரயிலும் தவறவில்லை, ருசியும் தவறவில்லை.

அப்படியென்றால் ஹோமர் ஒன்றுமே செய்யவில்லையா? செய்தார். கடையைக் கடைகளாக்கினார், ஊரைத் தாண்டினார், மாநிலத்தைத் தாண்டினார், கடலைத் தாண்டினார். இன்று நாற்பத்தொரு நாடுகள்! அந்தப் புகழில் ஒரு பொட்டுக்கூட நான் குறைக்கவில்லை. ஆனால், தாண்டிப் போனவர் தாங்கி நின்றவரை மறக்கலாமா?

(“வக்கீலய்யா, சுருக்கமா முடிங்க, பசிக்குது!” என்கிறார் பின்வரிசை நண்பர். பொறுங்கள் ஐயா; இந்த அம்மையார் அறுபது ஆண்டு பொறுத்திருக்கிறார்.)

‘ஆதாரம் எங்கே?’ என்று கேட்டுக் கடிதம் எழுதியது நிறுவனம். நியாயமான கேள்வி. விடை அவர்கள் அச்சிட்ட பயிற்சிப் புத்தகத்திலேயே இருக்கிறது!

1961இல் அந்தப் புத்தகம் எழுத வந்த குமாஸ்தா, மூன்று நாள் ஆர்டெலின் பின்னால் நின்று, ஒவ்வோர் அசைவையும் குறித்துக்கொண்டார். ஒன்பதாம் பக்கம் சொல்கிறது: ‘கரண்டியை இடது கையில் பிடித்து அழுத்துக.’ வலது கைக்காரனான நான் அந்தக் கோடை முழுவதும் இடது கையில் கொப்புளத்தோடு நின்றேன். “ஏன் சார் இடது கை?” என்று மேலாளரைக் கேட்டேன். “புத்தகத்துல போட்டிருக்கு தம்பி. கொப்புளத்தப் புத்தகத்துக்கிட்ட காட்டு” என்றார்.

இன்றும் நாற்பத்தொரு நாடுகளில் அதே பக்கம், அதே வரி! ஏன் தெரியுமா? ஹோமர் வலது கைக்காரர். அவர் கையெழுத்திடும் படமே பட்டயத்தில் இருக்கிறது. ஆர்டெல் பிக்கெட் இடது கைக்காரர்! குமாஸ்தா பெயரை விட்டுவிட்டார். கையை விட மறந்துவிட்டார்!

(திரு. பாசெட், இடது கையால் அழுத்தச் சொன்னது, வலது கை உப்புத் தூவுவதற்காக என்கிறீர்களா? நல்லது. உப்பைப் பற்றி நீங்களே பேசிவிட்டீர்கள். உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்க வேண்டாமா?)

திருட்டு என்று நான் சொல்லவில்லை. அதை நிரூபிக்க என்னிடம் சான்றில்லை. மறைப்பு என்கிறேன், அதற்குச் சான்று ஒன்பதாம் பக்கம். மன்றத்தாரே, ‘தனியொருவராக’ என்ற சொல் நீங்கட்டும். ஆர்டெல் பிக்கெட் என்ற பெயர் ஏறட்டும்! இல்லையேல் நம் சதுக்கத்தில் ஒரு சாண் மண்கூடத் தராதீர்கள்!

வாக்கெடுக்குமுன் ஒரே வேண்டுகோள். விட்லாக் அடுப்பில் வேலை பார்த்தவர்கள், இறைச்சியை அழுத்திய கையை உயர்த்துங்கள்.

நான்கு... பதினொன்று... இருபத்தாறு. நகரத்தலைவி அம்மையாரே, உங்கள் கையுமா? திரு. பாசெட், நீங்களும் அடுப்பிலிருந்து உயர்ந்தவர் என்று கேள்விப்பட்டேன். உங்கள் கை எங்கே?

உயர்ந்துவிட்டது. ஓர் அரங்கு முழுக்க இடது கைகள். வலது கை ஒன்றுகூட இல்லை.

ஆர்டெல் அம்மையார் ஏதோ சொல்கிறார், கேளுங்கள்: “போதும், கைய இறக்குங்க பசங்களா. அழுத்தும்போது ஒருத்தனும் இவ்வளவு நிமிர்ந்து நின்னதில்ல.”

என் தரப்பு முடிந்தது. செவிகொடுத்த அவைக்கு நன்றி. கைகொடுத்த அம்மைக்கு வணக்கம்.

(ஒப்பம்) கோர்டன் ஹேய்ஸ்லிப்

சாட்சிகள்:
டெல்பர்ட் கூப், முதல் தட்டை உண்டவர்
வில்மா ஓஸ்டர், அடுப்பில் 1974 முதல் 1976 வரை
கர்ட் பாசெட், அடுப்பில் 1989, இடது கை