பதினைந்தாவது துணி

— கதவைத் தெறடீ ஹானி. டிரெஸ்ஸிங் ரூம்ல தாழ்ப்பாள் போட்டுண்டு அழுதா எல்லாம் சரியாயிடுமா?

— நான் ஒண்ணும் அழல விஜயாக்கா. மூஞ்சி கழுவிக்கினு இருந்தேன்.

— கண்ணெல்லாம் செவந்திருக்கு. சோப்பு பட்டுடுத்தாக்கும்?

— சரி, அழுதேன். சிதம்பரநாதன் சார் அத்தினி பேர் முன்னாடியும் ‘கெட் அவுட்’னாரு. ஆபரேஷன் நடுவுல, கையில கிளவுஸோட வெளிய அனுப்பினா அழாம பாட்டா பாடுவாங்க?

— அவர் கெடக்கார். இருபது வருஷமா எல்லாரையும் ‘கெட் அவுட்’டுன்னு சொல்லிண்டுதான் இருக்கார். இதுவரைக்கும் ஒருத்தரும் போனதில்லை. நீதான் நெஜமாவே வெளியில வந்துட்டே. போறது விடு. இந்தா, இதுல ஒரு கையெழுத்துப் போடு.

— இன்னா பேப்பர் இது?

— நோக்குத் தெரியாதா? கவுண்ட் ஷீட். ரத்தம் ஒத்தறதுக்கு வயித்துக்குள்ள வச்ச துணி பதினஞ்சு, திரும்ப எடுத்தது பதினஞ்சுன்னு போட்டு...

— பதினாலுக்கா.

— ஹானி.

— பதினாலுதான் வந்துச்சு. மூணு கட்டு பிரிச்சேன், கட்டுக்கு அஞ்சு. ரெண்டு தபா எண்ணினேன். கூட நின்ன நர்ஸ் சிம்ராவும் எண்ணினா. நனைஞ்சு ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கினு இருக்குமோன்னு ஒவ்வொண்ணா உதறிக்கூடப் பாத்தேன். பதினாலேதான்.

— ஒரு கட்டுல நாலுதான் இருந்திருக்கும். கட்டினவா தப்பு பண்ணியிருப்பா.

— பிரிக்கும்போதே எண்ணினேனே! அதுக்குத்தானே பிரிக்கும்போது எண்றது? நீங்க தியேட்டர் இன்சார்ஜ், எனக்குச் சொல்லிக் குடுத்ததே நீங்கதான்.

— சொல்லிக் குடுத்தேன், சரி. அவரும் தேடிப் பார்த்தார் இல்லையோ?

— உள்ள கையை வுட்டு ஒரு சுத்து சுத்தினாரு. ‘ஒண்ணுமில்ல, தைக்கிறேன், ஊசி’ன்னு கையை நீட்டினாரு.

— நீ?

— குடுக்கல.

— அய்யய்யோ.

— இடுக்கியில ஊசியை மாட்டி ரெடியா வச்சிருந்தேன்க்கா. கையிலதான் கீது. நீட்ட வரல. ‘சார், ஒண்ணு குறையுது சார்’னேன். என் குரல் எனக்கே கேக்கல. இன்னொரு தபா சொன்னேன். அந்தத் தபா கத்திட்டேன் போல, ஏசி சத்தம்கூட நின்ன மாதிரி ஆயிடுச்சு.

— அப்புறம்?

— ‘எண்ணத் தெரியாத பொண்ணை எவன் வேலைக்கு வச்சான்’னாரு. மயக்க மருந்து பாத்துக்கினு இருந்த மதுவந்தி டாக்டர் மட்டும், ‘ஒரு எக்ஸ்ரே எடுத்துடலாமே சார்’னாங்க. அதெல்லாம் வேணாம்னுட்டாரு. என்னை வெளிய போன்னாரு.

— கேட்டுக்கோ. அங்க வயித்தைத் தெறந்து வச்சுண்டு நிக்கறார். ஷீட்ல நீ கையெழுத்துப் போடாம தைச்சா நாளைக்கு அவர் தலைக்கு வரும். அதுக்குத்தான் என்னை அனுப்பிச்சார். நீ போட்டுட்டா எல்லாம் முடிஞ்சுடும்.

— யாருக்கு முடியும்? உள்ள படுத்துனு இருக்குற அம்மாவுக்கா?

— நோக்கு ப்ரொபேஷன் முடிய இன்னும் பதினோரு நாள் இருக்கு. வேலை போச்சுன்னா என்ன பண்ணுவே? உங்காத்துக்காரர் கடையை மூடிட்டு ஒக்காந்திருக்கார்னு நீதானே சொன்னே?

— சைஃப் வேற வேலை தேடிக்குவாரு. அந்த அம்மாவுக்கு வயிறு ஒண்ணுதான் கீது.

— பேச நன்னாத்தான் இருக்கு.

— காலையில என் கையைப் புடிச்சுக்கினு, ‘ஏம்மா, ரெண்டு வாரத்துல நடமாடிடுவேனா?’ன்னு கேட்டாங்கக்கா. பொண்ணுக்குக் கல்யாணம் வச்சிருக்காங்களாம், தேனாம்பேட்டைல மண்டபம். ‘ஓடவே செய்வீங்க’ன்னு நான்தான் சொன்னேன். உள்ள துணியை வச்சுத் தைச்சுட்டு, ஓடுன்னா எப்டி ஓடுவாங்க?

— உள்ள ஒண்ணுமே இல்லேன்னு வச்சுக்கோ. பேஷண்டுக்கு வீணா அரைமணி நேரம் கூடுதல் மயக்கம். உன்னை என்ன பண்ணுவா தெரியுமா?

— துரத்துவாங்க. துரத்தட்டும். எனக்குத் தூக்கமாச்சும் வரும்.

— அசடே, உன் நல்லதுக்குத்தான் சொல்றேன். பெரிய டாக்டர்களோட மல்லுக்கு நின்னுண்டு இந்த வேலைல காலம் தள்ள முடியாது. கொஞ்சம் அனுசரிச்சுண்டுதான் போகணும். எல்லாரும் அப்படித்தான் போறா.

— நீங்க போட்டிருக்கீங்களாக்கா? ஒண்ணு குறையும்போது, சரின்னு கையெழுத்து?

— முப்பது வருஷ சர்வீஸ்டீ. எத்தனை ஷீட், எத்தனை கையெழுத்து...

— அதைக் கேக்கல.

— கண்ணைத் தொடைச்சுக்கோ. யாரோ வரா.

— ஹானிம்மா! யம்மா, இங்கயா கீற? உன்னை எங்கெல்லாந்தான் தேடறது?

— வைரவா, இது லேடீஸ் டிரெஸ்ஸிங் ரூம்! வார்டு பாய்க்கு இங்க என்ன வேலை?

— வாசல்லதான் நிக்கறேன் சிஸ்டர்மா. கண்ணைக்கூட மூடிக்கினுதான் கீறேன். ரெண்டு மாடி ஓடியாந்தேன், லிஃப்ட்டு வேற மக்கர். மூச்சு வுட்டுக்கறேன் இருங்க.

— அப்பால வுட்டுக்கலாம் வைரவண்ணே. இன்னா ஆச்சு?

— நீ வெளிய போனியா, நான் நாலு குப்பைத் தொட்டியையும் கவுத்துக் கிளறிட்டேன். இல்ல. டேபிளுக்கு அடியில பூந்து பாத்தேன். இல்ல. டாக்டரு செருப்பாண்ட பாத்தேன், எட்டி ஒதைக்காத குறை. அங்கயும் இல்ல. அப்பால மதுவந்தி டாக்டரம்மா ஒண்ணு சொல்லுச்சு பாரு...

— என்ன சொன்னா?

— ‘அந்தப் பொண்ணு கையெழுத்துப் போடல இல்ல? எக்ஸ்ரே பாக்காம நானும் பேஷண்டை எழுப்பறதா இல்ல’ன்னுச்சு! பெரிய டாக்டரு மொறைக்கிறாரு. இது பாட்டுக்கு மானிட்டரைப் பாத்துக்கினு கீது. இத்தினி வருசத்துல அந்தம்மா எதுத்துப் பேசி நான் பாத்ததே இல்ல. வேற வழியில்லாம ‘எடு’ன்னாரு. நான்தான் மெசினைத் தள்ளிக்கினு போனேன்.

— இருந்துச்சாண்ணே? சீக்கிரம் சொல்லுங்க!

— படத்துல வெள்ளையா ஒரு கோடு தெரிஞ்சுச்சு. மெல்லிசா, நூலு மாதிரி.

— அந்தத் துணியில வச்சுத் தைச்சிருக்கற நூல்தான். எக்ஸ்ரேல அது ஒண்ணுதான் தெரியும்.

— அதேதான் சிஸ்டர்மா. குடலுக்குப் பின்னாடி மடிஞ்சு ஒளிஞ்சுக்கினு இருந்துச்சு. டாக்டரு புடிச்சு இழுத்தாரு பாருங்க, முழுத் துணி!

— யா அல்லா.

— இன்னாம்மா இது, நல்ல சேதி கொண்டாந்தா அழுவுற?

— அழலண்ணே, சிரிக்கிறேன். ரெண்டும் ஒண்ணா வருது. அந்த அம்மா எப்டி கீறாங்க?

— நல்லா கீறாங்க. பல்ஸு, பிரஷரு எல்லாம் சரியா கீதுன்னாங்க. நீ கெளம்பு, உன்னைத்தான் கூப்பிடறாரு.

— என்னையா? சாரா?

— சிம்ரா ஊசியை நீட்டுச்சு, வாங்க மாட்டேன்னுட்டாரு. ‘ஹானி வந்து எண்ணட்டும். அவ சரின்னு சொன்னாத்தான் தைப்பேன்’னாரு. மனுசன் சத்தமே இல்லாம சொல்றாரு, எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு.

— ஏன் மரமாட்டம் நிக்கறே? ஓடுடீ. கையை முழங்கை வரைக்கும் நன்னாத் தேச்சு அலம்பிண்டு போ.

— அக்கா, இந்த ஷீட்டு?

— எடுத்துண்டு போ. பதினஞ்சும் எண்ணிட்டு, அப்புறமா போடு உன் கையெழுத்தை.

— நீங்க வரலையா?

— ஒரு ஃபோன் பண்ணிட்டு வரேன். நீ போம்மா, கொழந்தே. அவா காத்துண்டிருக்கா.

— எப்டி ஓடுது பாருங்க சிஸ்டர்மா! லிஃப்ட்டு இல்லாட்டி இன்னா, பறந்தே பூடும். ஆமா, நீங்க இன்னாத்துக்கு போனைத் தலைகீழா புடிச்சுக்கினு கீறீங்க? ஒக்காருங்க, ஒரு டீ வாங்கியாரட்டா?

— டீ வேண்டாம். என் ஃபோன்ல கனகவல்லி மாமின்னு இருக்கும், அதைக் கொஞ்சம் போட்டுக் குடு வைரவா. நேக்கு எழுத்தே தெரியலை.

— தோ, ரிங்கு போவுது. இந்தாங்க.

— ஹலோ, மாமி? போன மாசம் உங்களுக்கு ஆபரேஷன் ஆச்சே, அந்த ஹாஸ்பிடல்லேர்ந்து சிஸ்டர் விஜயலக்ஷ்மி பேசறேன். நேத்திக்கு வயித்து வலின்னு வந்தேளே, வெறும் வாயுன்னு மாத்திரை குடுத்து அனுப்பிச்சுட்டோம். வாயுவா இருக்காது மாமி. அபிராமபுரத்துலேர்ந்து ஆட்டோ பிடிச்சா பத்து நிமிஷம், உடனே கிளம்பி வாங்கோ. எக்ஸ்ரே எடுக்கணும். யார் கேட்டாலும் என் பேரைச் சொல்லுங்கோ. அன்னிக்கும் ஒண்ணு குறைஞ்சுது. சரியா இருக்குன்னு கையெழுத்துப் போட்டது நான்தான்.