மூன்று இழுப்பு

மாலை நாலே கால் மணி. நவம்பர் கடைசி வாரம். ஆற்றங்கரை மேட்டுச் சாலையில் ஒரே ஒரு குட்டி லாரி போய்க்கொண்டிருந்தது. எதிரே வண்டி இல்லை. பின்னாலும் இல்லை. ஓட்டியவள் பெயர் சுமியே.

மீன் பதப்படுத்தும் கூடத்தில் என் பக்கத்து மேசையில் நிற்கிற மிஹோவின் பெரியம்மா அவள். மிஹோ கதை கட்டுகிற பெண் இல்லை. அவள் சொன்னதைத்தான் சொல்கிறேன். அடுப்புக்குக் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள்... சொல்லும்போது எனக்கே குளிர்கிறது.

அந்த வருஷம் ஆறு சரியில்லை. அக்டோபர் முழுக்க வெயில். கடல் சூடு தணியவில்லை, அதனால் சால்மன் கரைப்பக்கமே வரவில்லை என்றார்கள். ஆற்றில் கூழாங்கற்கள் வெள்ளையாகக் காய்ந்து கிடந்தன. பிறகு மலையில் இரண்டு நாள் மழை. தண்ணீர் ஒரு முழம் ஏறிப் பழுப்பாகக் கலங்கியது. சுமியேவின் கொழுந்தன் கியோனோரி உடனே தொலைபேசியில் கூப்பிட்டான்.

"அண்ணி, தண்ணி கலங்கிருச்சு. இன்னிக்கு மீன் ஏறும். வர்றீங்களா?"

"வர்றேன்."

அவ்வளவுதான். வண்டியை எடுத்துவிட்டாள்.

அவள் மீன்காரி இல்லை. அவள் புருஷன் இசாமுதான் மீன்காரன். இரண்டு சிறு படகு, ஒன்றில் இசாமு, இன்னொன்றில் தம்பி. நடுவே பை போன்ற வலை. வலையின் இரண்டு பக்கக் கயிற்றையும் ஆளுக்கு ஒன்றாகப் பிடித்துக்கொண்டு நீரோட்டத்தோடு இறங்குவார்கள். வெள்ள இரைச்சலில் ஒருவர் கத்துவது மற்றவருக்குக் கேட்காது. கயிறுதான் பேச்சு. ஒரு இழுப்பு என்றால், இருக்கிறாயா. இரண்டு என்றால், வலையைத் தூக்கு. மூன்று என்றால்... கயிற்றை விட்டுவிடு.

போன வருஷம் இதே மாதம் மேலிருந்து மரம் ஒன்று அடித்து வந்து வலையில் சிக்கியது. இசாமுவின் படகை அப்படியே கவிழ்த்து இழுத்துப் போனது. உடல் கிடைக்கவில்லை. "மூணு தடவ இழுத்தேன், அண்ணன் விடல" என்று கியோனோரி எல்லோரிடமும் சொன்னான். ஊரும் தலையாட்டியது. இசாமு பிடிவாதக்காரன். இன்னும் ஒரு மீன், இன்னும் ஒரு மீன் என்பான்.

இந்த வருஷம் அவன் இடத்தில் தான் இறங்குவதாகச் சுமியே சொன்னபோது யாரும் தடுக்கவில்லை. மீனுக்காக இறங்கவில்லை என்று எல்லோருக்கும் தெரியும். அவன் போன இடத்தில் ஒரு தடவை வலை போட்டுப் பார்க்க வேண்டும் அவளுக்கு.

படகில் ஏறும்போது கியோனோரி சிரிக்க வைக்கப் பார்த்தான். "அண்ணி, அது சாப்பிடுற குச்சி இல்ல, துடுப்பு. முழுக் கையால பிடிங்க."

"உங்கண்ணன் குறட்டைய இருவது வருஷம் அடக்கின கை இது. துடுப்பு எனக்குப் பெரிசா?"

முதல் இறக்கத்தில் நான்கு மீன். பெரியவை. சிவப்புப் பட்டை விழுந்த ஆண் மீன்கள். இரண்டாவது இறக்கத்துக்குப் படகுகளை மேலே கொண்டுபோனபோது ஆறு மாறியிருந்தது. நுரை கட்டியாக வந்தது. அடியில் கூழாங்கற்கள் உருளும் சத்தம்... கடகட, கடகட... பெரிய வாய் ஒன்று பல்லைக் கடிப்பது போல.

"இதோட போதும் அண்ணி."

"இன்னும் ஒரு தடவை, தம்பி. அந்த வளைவு வரைக்கும்."

வளைவு என்றால் எந்த வளைவு என்று அவனுக்குத் தெரியும். கயிற்றை எடுத்தான்.

வெளிச்சம் போய்விட்டது. அவன் படகு கறுப்பு நிழலாகத் தெரிந்தது, பிறகு அதுவும் இல்லை. வளைவு நெருங்கியது. அப்போது அவளுக்கு ஒரு வாசனை... புதிதாக உடைந்த தேவதாரு மரத்தின் பச்சை வாசனை.

கயிறு இழுத்தது.

ஒன்று. இரண்டு. மூன்று.

அவள் விடவில்லை. இசாமு போன இடம் அதுதான், அவள் அதன் மேலேயே இருந்தாள். இருக்கிறாயா என்று ஒரு தடவை இழுத்தாள்.

ஒரு இழுப்பு திரும்பி வந்தது. மெதுவாக.

கியோனோரி இழுப்பது வெடுக்கென்று இருக்கும். இது அப்படி இல்லை. தூங்குகிறவளை எழுப்ப மனமில்லாமல் போர்வையை இழுப்பது போல இருந்ததாம். அவளுக்குப் புரிந்துவிட்டது. கண்ணில் நீர் முட்டியது. இன்னொரு தடவை இழுத்தாள். இருக்கிறாயா.

மூன்று இழுப்பு. இந்தத் தடவை பலமாக.

அவள் கயிற்றை மார்போடு அணைத்துக்கொண்டாள். மறுபடி மூன்று. கை எரிந்தது. மறுபடி மூன்று. அப்புறம்தான் விரலைத் திறந்தாள்... ஒவ்வொரு விரலாக.

படகு சட்டென்று திரும்பிக் கரைப்பக்கம் ஒதுங்கியது. அதே மூச்சில் ஒரு மரம் வந்தது. வேரோடு. அதன் கிளைகள் படகின் விளிம்பைக் கீறிக்கொண்டு போயின. வலையையும் வாரிக்கொண்டு போனது.

கியோனோரி தன் படகைக் கரையேற்றிவிட்டு அதன் பக்கத்தில் முழங்காலிட்டு உட்கார்ந்திருந்தான். அவள் பக்கத்தில் போய்ச் சொன்னாள்: "நல்லவேளை இழுத்தே, தம்பி." இழுத்தது அவனாகவே இருந்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்துச் சொன்னாள்.

அவன் தலை நிமிரவில்லை.

"நான் இழுக்கல அண்ணி. அந்த மர வாசனை வந்ததுமே கை தானா விட்டுருச்சு. கயிறே எங்கிட்ட இல்ல."

ஆறு இரைந்தது.

"போன வருசமும் இழுக்கல."

அவள் அவனை அடிக்கவில்லை. அவன் எதிரில் உட்கார்ந்தாள்.

"ஒரு வருசமா அவரு படத்துக்கு முன்னாடி சோறு வைக்கும்போதெல்லாம் திட்டினேன் தம்பி. ஒரு மீனுக்கு ஆசப்பட்டு என்னை விட்டுட்டுப் போயிட்டியேன்னு. தினமும் திட்டினேன்."

அவன் விம்மினான்.

"ஆனா ஒண்ணு. இன்னிக்கு அவரு கோவமா இழுக்கல. அத மட்டும் தெரிஞ்சுக்க."

அதற்கு மேல் இருவரும் அதைப் பற்றிப் பேசியதில்லை. மறுநாள் காலை கியோனோரி மீனவர் சங்கத்துக்குப் போய், எல்லோர் முன்னாலும் உண்மையைச் சொன்னான். அன்றோடு படகு ஏறவும் இல்லை.

மூன்றாம் நாள் முகத்துவாரத்தில் வலை ஒதுங்கியிருப்பதாகத் தகவல் வந்தது. மிஹோவும் பெரியம்மாவுடன் போயிருக்கிறாள். முதல் பனி விழுந்துகொண்டிருந்தது. வலை முழுக்கச் சேறு, கிழிசல், இலைக் குப்பை. பிழிந்தால் நீர் கொட்டுகிறது. கியோனோரி பக்கத்துக் கயிற்றை மிஹோ சுருட்ட ஆரம்பித்தாள். நுனிக்கு வந்ததும் நிறுத்திவிட்டாள். "பெரியம்மா... இதத் தொட்டுப் பாருங்க."

இரண்டு கை பிடிக்கிற நீளத்துக்குக் கயிறு காய்ந்திருந்தது. வெதுவெதுப்பாக இருந்தது.

சுமியே அந்த இடத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மணலில் உட்கார்ந்தாள். யார் கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை... அந்தச் சூடு ஆறும் வரைக்கும்.