பீடத்துக்குப் பூ

"பெரியம்மா, உங்க ரோசா மட்டும் ஏன் பிரசங்கம் முடியும் முன்னாலயே தூங்கிருது?"

ஓய்வுநாள் பள்ளிக்கு வருகிற பொன்செல்வி என்ற சிறுபிள்ளை ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னிடம் இப்படிக் கேட்டாள். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பக்கத்து வீட்டு எப்சிபாவுக்கு எதற்காகத் தினமும் கஷாயம் கொண்டுபோய்க் கொடுத்தீர்கள் என்று கேட்கிறீர்கள், இன்ஸ்பெக்டரம்மா. பட்டாளத்திலிருந்து வந்திருக்கும் அவள் மகனும் அதைத்தான் கேட்டான். அந்தப் பிள்ளையின் கேள்வியிலிருந்து தொடங்கினால் உங்களுக்கு எளிதாக விளங்கும்.

எங்கள் ஆலயப் பீடத்தில் இரண்டு பித்தளை ஜாடிகள் உண்டு. நான் தென்காசிக்கு வாக்கப்பட்டு வந்த காலம் முதல் அவற்றுக்குப் பூ கொடுத்தது நான்தான். எல்லாம் என் வீட்டு ரோஜா. பிள்ளையில்லாத எனக்கு அந்த ஜாடிகளே போதுமாக இருந்தன. குற்றாலத்தில் சாரல் பிடித்துவிட்டால் ரோஜாவைக் காப்பாற்றுவது பெரும்பாடு. இலையில் கரும்புள்ளி விழும், மொட்டு செடியிலேயே அழுகும். சாக்கை விரித்துப் பந்தல் போடுவேன். முட்டை ஓடும் தேயிலைச் சக்கையும் போடுவேன். அப்படியும் சனிக்கிழமை பறித்த பூ ஞாயிற்றுக்கிழமை பீடத்து விரிப்பில் உதிர்ந்து கிடக்கும்.

எப்சிபா விதவை. மகன் அனுப்புவதை வைத்துக்கொண்டு தனியாக இருந்தாள். அவள் தோட்டத்தில் ஒரே பருவத்தோடு ஆயுள் முடிகிற செடிகள்தான். பின்னால் உயரமாகக் கோழிக்கொண்டை, நடுவில் ஜீனியாவும் வாடாமல்லியும், ஓரத்தில் தரையோடு தரையாகப் பத்துமணிப்பூ. உரம் கிடையாது, மருந்து கிடையாது. ஒன்று காயும்போது அதன் விதையிலிருந்து அடுத்தது தலைநீட்டும். வருஷம் முழுவதும் மதிலுக்கு மேலே நிறம் தெரிந்துகொண்டே இருக்கும்.

ஒரு சனிக்கிழமை என் மொட்டெல்லாம் அழுகிவிட்டன. எப்சிபா மதிலுக்கு மேலே கை நிறையப் பூவை நீட்டினாள். "யக்கா, நீங்க குடுத்ததாவே வச்சுக்கிடுங்க," என்றாள். நான் பொய் சொல்கிறவள் இல்லை. யார் வீட்டுப் பூ என்று, ஆலய வேலைகளைப் பார்க்கிற கோயில்பிள்ளையிடம் சொல்லித்தான் கொடுத்தேன். அந்தப் பூக்கள் அடுத்த ஞாயிறு வரை அப்படியே நின்றன. போதகர் பிரசங்க மேடையிலிருந்து அவளுக்கு நன்றி சொன்னார். இனிமேல் பீடத்துப் பூ ஊழியத்தைச் சகோதரி எப்சிபா எடுத்துக்கொள்வார், ரெபேக்காள் அம்மா ஓய்வெடுக்கட்டும் என்றார். சபையோடு சேர்ந்து நானும் ஆமென் சொன்னேன்.

என்ன விதைக்கலாம் என்று அவளிடமே போய்க் கேட்டேன். ஒன்றையும் ஒளிக்கவில்லை. "நீங்க ரோசாவப் புள்ள மாதிரி வளக்குதிய, அதுவும் புள்ள மாதிரியே சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்கு. இத வெதச்சிட்டு மறந்துருங்க. காஞ்ச பூவ மட்டும் கிள்ளிவிடுங்க, போதும்," என்றாள். விதையும் கொடுத்தாள். என் வீட்டிலும் நன்றாகவே முளைத்தது. பூ வந்தது. ஜாடி வரவில்லை.

பொறாமை என்று நீங்கள் எழுதிக்கொள்ளலாம். நான் அதை ஜெபத்தில் வைத்தேன். எப்சிபாவுக்கு ஏதாவது நன்மை செய்ய வழி காட்டும் ஆண்டவரே என்று கேட்டேன். அந்த வாரமே அவள் தனக்குச் சர்க்கரை இருப்பதாகவும், மாத்திரை சாப்பிடுவதாகவும் சொன்னாள்.

என் வீட்டுக் கொல்லையில் வெள்ளை நித்தியகல்யாணி தானாகவே வளரும். கல்லறைப்பூ என்று இங்கே அதைப் பீடத்தில் வைக்க மாட்டார்கள். ஆனால் சர்க்கரைக்காரர்கள் கஷாயம் வைத்துக் குடிப்பார்கள். காலமான என் வீட்டுக்காரரும் குடித்தார். மாத்திரையையும் சாப்பிட்டுக் கஷாயத்தையும் குடித்த ஒரு நாள் அவருக்கு வேர்த்துக் கொட்டியது. நாக்கு குழறி, அப்படியே சாய்ந்துவிட்டார். டாக்டர் குளுக்கோஸ் ஏற்றி எழுப்பினார். இரண்டையும் சேர்க்கவே கூடாது என்று என்னைக் கண்டித்தார். சாய்கிற நேரத்தில் வாயில் ஒரு கரண்டி சீனி போட்டிருந்தாலே எழுந்திருப்பார் என்றும் சொன்னார்.

மாத்திரையோடு குடிக்கலாமா என்று எப்சிபா கேட்டாள். "எங்க வீட்டுக்காரரு ரெண்டையும் சேத்துத்தாம்ட்டி குடிச்சாரு," என்றேன். அது பொய் இல்லை.

அன்று முதல் காலையில் ஒரு டம்ளர் கொண்டுபோய்க் கொடுப்பேன். அவள் குடித்து முடிக்கும் வரை பேச்சுத் துணைக்கு இருப்பேன். பெண்கள் ஐக்கியக் கூட்டத்தில் எழுந்து, ரெபேக்காள் அக்கா மாதிரி ஒரு உடன்பிறப்பு தனக்கு இல்லை என்று சாட்சி சொன்னாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. சனிக்கிழமைகளில் மட்டும் கஷாயத்தைக் கொஞ்சம் கூடுதலாக வற்ற வைப்பேன். ஒரே ஒரு சனிக்கிழமை அவள் எழுந்திருக்க முடியாமல் படுத்துக்கிடந்தால் போதும், ஜாடிக்கு என்னைக் கூப்பிடுவார்கள். அதற்கு மேல் நான் ஆசைப்படவில்லை.

போன மாதம் அந்தச் சனிக்கிழமை வந்தது. கோழிக்கொண்டைச் செடிகளுக்குப் பக்கத்தில், மடியில் கூடையோடு உட்கார்ந்திருந்தாள். முகமெல்லாம் வேர்வை. மதிலுக்கு மேலே என்னைப் பார்த்ததும் ஏதோ சொன்னாள். "இரி, வாரேன்," என்றேன்.

அவள் தோட்டத்துக்குள் போய்ப் பார்த்தால் கூடை பாதிதான் நிறைந்திருந்தது. பறித்த பூ வெயிலில் கிடந்தால் வீணாகும். மீதியையும் நானே பறித்து, தண்ணீர் தெளித்து, ஆலயத்துக்குக் கொண்டுபோனேன். அந்த ஜாடிகள் அவ்வளவு அழகாக நின்று நான் பார்த்ததில்லை. எப்சிபா எங்கே என்று போதகர் கேட்டார். உடம்புக்கு முடியவில்லை என்றேன். அவளுக்காக ஜெபிக்கலாம் என்றார். முதலில் முழங்காலிட்டது நான்.

திரும்பி வந்தபோது அவள் செடிகளுக்குள் சாய்ந்து கிடந்தாள். கண்களை மூடிவிட்டது நான்தான். அடக்கத்துக்கு வந்தவர்களுக்குக் காப்பி கொடுத்ததும் நான்தான்.

மதிலோரம் அவள் என்ன சொன்னாள் என்று கேட்கிறீர்கள். எனக்குத் தெளிவாகவே கேட்டது. "யக்கா, வாயில கொஞ்சம் சீனி போடுங்க," என்றாள்.

அவள் என்னிடம் வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றுதான். அது மட்டும் மனசை உறுத்திக்கொண்டே இருந்தது. போன வாரம் மத்தியான வெயிலில், ஆள் இல்லாத நேரம் பார்த்து, தாளில் சீனி மடித்துக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். அவள் தலைமாட்டில் கொட்டினேன். எறும்புகள் வந்து கடைசி மணியையும் மண்ணுக்குள் கொண்டுபோகும் வரை பக்கத்திலேயே நின்றேன். யாரும் பார்க்கவில்லை, நானும் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.

எப்சிபா கேட்டதை நான் கொடுத்துவிட்டேன், அம்மா. அதை மட்டும் மறக்காமல் எழுதிக்கொள்ளுங்கள்.