உதிராத கிங்கோ

— இன்னிக்கும் வாசல்ல நாற்காலி போட்டு உக்காந்துட்டீங்களா அண்ணி? கடைக்குள்ள நூடுல்ஸ் தண்ணி கொதிச்சு வழியுது.

— வழியட்டும் கொழுந்தனாரே. டிசம்பர் ஒம்போது ஆச்சு. நவம்பர் பாதியிலயே மொட்டையாகியிருக்கணும் இந்தக் கிங்கோ. ஒரு இலையாச்சும் விழுந்துச்சா பாருங்க. என்னை வம்புக்கு இழுக்குது.

— மரத்துக்கு ஏது வம்பு? மலையிலகூட இந்த வருஷம் எதுவும் உதிரல. வோஞ்சு சந்தையில எல்லாருக்கும் இதே பேச்சுதான். குளிர் வரல, அதான்.

— அதான் நேத்து வந்துச்சே. கிம்ச்சி ஊறுகாய்ப் பானை மூடியில விரல் வெச்சா உறைஞ்சு ஒட்டிக்குது. போதும் போங்க, மரத்துக்கு வக்காலத்து வாங்க வந்துட்டீங்க. ரம்பக்காரர் தினமும் காலையில போன் பண்றாரு. ‘இலை உதிர்ந்துச்சா அக்கா? இலையோட வெட்டினா பாரம் எந்தப் பக்கம் சாயும்னே தெரியாது’ங்கறாரு. பனி கொட்டறதுக்குள்ள வெட்டி முடிச்சாகணும்.

— எங்க தாத்தாவுக்குத் தாத்தா வெச்ச மரம் அண்ணி.

— உங்கண்ணனைத் தள்ளிவிட்டுக் கொன்ன மரம்.

— தள்ளல. கொட்டை உலுக்க ஏறினவன் கிளை மாத்தி மிதிச்சுட்டான். நான்தானே கீழ ஏணியைப் புடிச்சுட்டு நின்னேன்...

— அப்ப நல்லாப் புடிச்சிருக்கணும்.

— ம்.

— சொல்லியிருக்கக் கூடாது. விடுங்க.

— பரவாயில்ல, சொல்லுங்க. போன வருஷத்துலேர்ந்து நானே எனக்குச் சொல்லிக்கறதுதான் அது.

— உஷ்! என்ன சத்தம்? மழையா?

— வானம் கழுவி வெச்ச மாதிரி இருக்கே... அண்ணி! உச்சிக் கிளையைப் பாருங்க. வெயில் படுற இடம்.

— ஐயோ. கொட்டுது! காத்தே இல்லையே, உங்க சட்டைகூட அசையல.

— காத்து எதுக்கு? ராத்திரி உறைஞ்சிருக்கும். வெயில் பட்டதும் காம்பெல்லாம் ஒரே நேரத்துல விட்டுக்குது. எழுந்திரிக்காதீங்க, மேலயே விழட்டும்.

— இது என்ன இலை விழற மாதிரியா இருக்கு? மரமே இறங்கி வருது. எதிர்வீடு தெரியல. கொழுந்தனாரே, உங்களையும் காணோம்!

— இங்கதான் நிக்கறேன். மஞ்சளுக்குள்ள.

— முப்பத்தோரு வருஷம் கூப்பிட்டாரு உங்கண்ணன். ‘ஓக்சிம், ஓக்சிம், கொட்டுது, ஓடி வா’ம்பாரு. மாவுக் கையோட எப்படி வர்றதுன்னு கத்துவேன். கை கழுவிட்டு வந்தா எல்லாம் தரையில கெடக்கும். எனக்குக் கூட்டிப் பெருக்க மட்டும்தான் தெரியும்... இதைத்தான் கூப்பிட்டிருக்காரு மனுஷன்.

— அழுறீங்களா?

— தெரியல. சிரிக்கறேன்னு நெனைக்கறேன். எவ்வளவு நேரம் கொட்டும்?

— பத்து நிமிஷம். அதுக்கு மேல இருக்காது. பேசாம பாருங்க அண்ணி.

— பேசல.

— ...

— முடிஞ்சிருச்சா?

— முடிஞ்சிருச்சு. மரத்துல ஒண்ணுகூட இல்ல. கீழ முட்டி வரைக்கும் கெடக்கு. கடைக்குள்ள பாருங்க, அடுப்படி வரைக்கும் வெளிச்சம் போயிருக்கு.

— உங்க தலையெல்லாம் இலை.

— உங்க தலையிலயும்தான்... அண்ணி, போன் அடிக்குது. ரம்பக்காரராத்தான் இருக்கும். நான் வழியில கெடக்கற சாமானை நகர்த்தி வெக்கறேன். இலை விழுந்தா குறுக்க நிக்க மாட்டேன்னு வார்த்தை குடுத்திருக்கேன், நிக்கல.

— இருங்க. ஹலோ? ஆமா தம்பி, நான்தான் பேசறேன்... இல்லையே. இங்க இன்னும் ஒரு இலைகூட விழல.